பந்தியும் தடுப்பும்

கொரிந்து சபையின் பிளவு ஆண்டவரின் விருந்திலேயே வெளிப்பட்டது. வசதியுள்ளோர் முந்தி உண்டனர், இல்லாதோர் பசித்திருந்தனர். அவ்வாறு உண்பது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்றார் புனித பவுல்.

நம் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயமோ, சாதியினரைப் பிரித்து அமர்த்தும் இரு பகுதிகளுடனேயே கட்டப்பட்டது. சச்சரவைத் தவிர்க்கும் ஏற்பாடாம்! 1910-இல் தடுப்பு அகற்றப்பட்டபோது சிலர் வழக்காடினர். சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிய தனியுரிமையை மறுத்தது.

ஆணையும் தீர்ப்பும் சுவரைத்தான் தகர்க்கும். தலித் கிறிஸ்தவர்மீது பாகுபாடு நம்மிடையே நீடிப்பதை இந்திய ஆயர்களே 2016-இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டனர். ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம், அன்பியக் கூட்டம் அவர்கள் தெருவில் கூடும்போது நம்மில் பலர் ஏன் வருவதில்லை என்று வினவுகின்றோமா? வந்தவரும், அவ்வீட்டுத் தேநீரை “இப்போதுதான் குடித்தோம்” என்று ஏன் தவிர்க்கின்றனர்?