நாடு கடத்தலும் விநய நெறியும்

தேவராஜ மொஹல்லாவில் பௌர்ணமிதோறும் கூடும் நம் அன்பர் குழாத்தில், சென்ற முறை திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்தபின் இளைஞர் ஒருவர் வினாவொன்றை எழுப்பினார். "அனுமதியின்றித் தன் எல்லைக்குள் புகுந்தாரை ஓர் அரசு பிடித்து வெளியேற்றுகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் இதுவே பேச்சு. பௌத்தராகிய நாம் இதனை அறமென்பதா, அன்றென்பதா?" என்றார். அங்கிருந்தோருள் முதியவர் ஒருவர் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சிறு வயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்து, சுள்ளியாப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, பின்னர் மைசூரை அடைந்து, இங்கேதான் தம்மத்தைத் தழுவினார். பலரும் பலவாறு பேச, அவர் மட்டும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனமே என்னை இதனை எழுதத் தூண்டிற்று.

முதற்கண் ஒன்றை ஒளியாமல் ஒப்புக்கொள்ள வேண்டும். வாயில் இல்லாத வீடு இல்லை. எல்லை காவாத அரசும் இல்லை. வருவார் யார், எதற்கு வருகிறார் என்று கேட்கும் உரிமை அரசுக்கு உண்டு. களவாகப் புகுந்தவனைத் தடுப்பதே பாவம் என்று சொல்வோர், அரசு என்பதே வேண்டாம் என்று சொல்கிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டுவதில்லை. வாயிலில் நின்று கேட்க வேண்டிய கேள்வியை, நடுக்கூடத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் கேட்கலாமா என்பதே வழக்கு.

'கள்ளத்தோணி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பாக் நீரிணையை இரவில் தோணியில் கடந்து இலங்கைக்குச் சென்றோர் இருந்தனர் என்பது மெய். 1950-களில் இலங்கையரசு அவர்களைப் பிடிக்கக் கரையோரத்தில் இராணுவத்தையே நிறுத்திற்று. அதனை நான் குறைகூறேன். ஆனால் அச்சொல் கரையோடு நின்றதா? மலையேறிற்று. கங்காணி அழைக்க, துரை செலவு கொடுக்க, அரசு அறிந்தே வந்து, காப்பியும் தேயிலையும் வைத்து வளர்த்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அதுவே பெயராயிற்று.

அவர்கள் 1947 பொதுத் தேர்தலில் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டமோ, தந்தை இலங்கையில் பிறந்தான் என்றாவது, பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தனர் என்றாவது காட்டச் சொல்லிற்று. லயத்து அறையில் பிறந்த கூலியின் பாட்டனுக்கு எந்தக் கச்சேரி பிறப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தது? அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. ஒருவரும் எல்லையைக் கடக்கவில்லை. சட்டமே அவர்களைக் கடந்து சென்று, அவர்களை அப்புறத்தே நிறுத்திற்று.

பின்னர் 1964 அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்படிக்கை. 9,75,000 பேர் நாடற்றோர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பதென்றும் முடிவாயிற்று. அந்த மீதியை 1974-ல் ஆளுக்கு 75,000 என்று சரிபாதி செய்தார்கள். களத்து மேட்டில் நெல்லை அளக்கும் போதும் நெல்லுக்குரியவன் அருகில் நிற்பான். இவர்களை அளந்தபோது இவர்களை ஒருவரும் கேட்கவில்லை. இந்தியாவுக்குச் செல்ல விண்ணப்பித்தோர் குறித்த தொகையை எட்டவில்லை என்பதே அவர் உள்ளம் எங்கிருந்தது என்பதைக் காட்டும். தலைமன்னாருக்குச் சென்ற இரயிலுக்கு மலையகத்தார் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

சிங்களக் குடியானவனுக்குக் குறை இல்லையா எனின், உண்டு. 1840-ன் முடிநிலச் சட்டத்தால் கண்டி நாட்டுக் காடும் மேடும் அரசுடைமையாகித் துரைமார்க்கு விலையாயின. தன் மலையில் பிறர் குடியேறக் கண்டவன் மனம் புழுங்குதல் இயல்பே. ஆயினும் நிலத்தை எடுத்தவன் கூலியல்லன். துரை ஊர் திரும்பியபின் அவன் கணக்கைக் கூலியின் தலையில் எழுதினார்கள்.

இனி நம் நெறிக்கு வருவோம். வெளியேற்றல் என்பதைப் பகவன் அறியாதவர் அல்லர். கிட்டாகிரியில் தங்கி இல்லறத்தாரைக் கெடுத்து வந்த அஸ்ஸஜி, புனப்பசு என்போரைச் சார்ந்த பிக்குகளை அவ்விடத்தினின்றும் அகற்ற, சாரிபுத்தரையும் மொக்கல்லானரையும் பகவன் அனுப்பிய வரலாறு விநயபிடகத்துச் சுல்லவக்கத்தில் உள்ளது. அச்செயல் செல்லுபடியாக வேண்டின், குற்றவாளி எதிரில் இருக்க வேண்டும். அவனிடம் வினவ வேண்டும். அவன் ஒப்ப வேண்டும். சங்கம் முறைப்படி கூடியிருக்க வேண்டும். அவனும் அந்த ஓரிடத்தினின்றே அகற்றப்படுகிறான். பிக்கு என்னும் நிலையை இழப்பதில்லை. நன்னடை கண்டால் தடையை நீக்கவும் இடமுண்டு. இத்தனையும் அவன் செய்த செயலுக்காக. அவன் பிறப்புக்காக அன்று. இந்த அளவுகோலை 5,25,000 என்னும் எண்ணின் மேல் வைத்துப் பாருங்கள். எவரை எதிரில் வைத்து, எச்செயலைக் குறித்து வினவினார்கள்?

பிறப்பைக் காட்டித் துரத்துதல் எவருடைய வழக்கம் என்பது மணிமேகலை கற்றார்க்குத் தெரியும். வேள்விப் பசுவை விடுவித்த ஆபுத்திரனை ஊரார் முதலில் பசுக் கள்வன் என்றனர். வாதில் தோற்கும் நிலை வந்ததும் அவன் பிறப்பை இழுத்தனர். அதன்பின் அவனுக்கு ஊரில் இடமில்லை. தோட்டத்து மக்களுள் பெரும்பகுதியினர் சேரிகளிலிருந்து சென்றவர்கள். இவ்வழக்கு அவர்களுக்குப் புதிதன்று.

ஈண்டு ஒரு நெருடல் உண்டு. 1898-ல் அயோத்திதாச பண்டிதர் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்றே பஞ்சசீலம் ஏற்றார். அண்ணல் அம்பேத்கர் 1950-ல் கொழும்பிலும் 1954-ல் ரங்கூனிலும் நடந்த பௌத்த மாநாடுகளுக்குச் சென்றார். நாம் கைகூப்பிய திசைகள் இவையே. அதே பர்மாவிலிருந்து 1960-களில் தமிழர் உட்பட இலட்சக்கணக்கான இந்தியர் வெறுங்கையராய் வந்தனர். 2017-ல் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியர் வங்காளதேசத்துக்கு ஓடினர். 'அவை அரசின் செயல்கள், சாசனத்தின் செயல்கள் அல்ல' என்று நம்மவர் சிலர் விடை கூறுவர். பாதி உண்மை. தீயதைத் தீயதென்று சொல்லாத பிக்குவும் உபாசகனும் அதில் பங்கிலியாகான். தம்மத்தைக் கொடுத்தார்க்கு நாம் பட்ட கடன், அவர் தவற்றை மூடுதல் அன்று.

இலங்கை 2003-ல் சட்டம் இயற்றி, எஞ்சி நின்ற நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கிற்று. ஐம்பத்தைந்து ஆண்டு சென்றது. எனினும் செய்தது நன்று.

நம் நாட்டின் பக்கமும் திரும்ப வேண்டும். நம் ஊருக்கு மேற்கே பைலகுப்பையில் 1960-61 வாக்கில் திபெத்தியர்க்கு நிலம் கொடுத்தோம். அங்கே விகாரைகள் எழுந்தன. நாமும் சென்று வணங்குகிறோம். ஆனால் 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளையும் ஆறு சமயங்களையும் பெயர் சொல்லிக் கதவைத் திறந்தது. அந்த ஆறனுள் பௌத்தம் உண்டு. மூன்று நாடுகளுள் இலங்கை இல்லை. ஆகவே 1983-க்குப் பின் வந்து, தமிழ்நாட்டு முகாம்களிலேயே பிள்ளையும் பேரனும் கண்ட ஈழத்தமிழர் வெளியே நிற்கின்றனர். நம் பெயர் உள்ள பட்டியல் என்பதற்காக நாம் மகிழலாமா? கோலார் தங்கவயலுக்குப் பஞ்சம் பிழைக்க இரயிலேறிய நம் பாட்டனார், இராமேசுவரத்துப் பக்கம் திரும்பியிருந்தால் நாமும் அந்தக் கோச்சியில் இருந்திருப்போம்.

இவற்றை அன்று கூட்டத்தில் ஒருவாறு சொல்லி முடித்தபின், அந்த முதியவரைப் பார்த்து, "தாங்கள் ஏதும் சொல்லவில்லையே, ஐயா" என்றேன். "என் தகப்பனார் இலங்கைக்குத்தான் மனுப் போட்டார்" என்றார் அவர். அதற்குமேல் பேசவில்லை. தந்தையாரின் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இன்னும் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றனவாம். அடுத்த பௌர்ணமிக்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.