ஐதீகம் இல்லாத வளவுகள்

ஒரு மண்ணின் மீது மனிதனுக்குள்ள உரிமை எதிலிருந்து பிறக்கிறது? அந்த மண்ணைப் பற்றிச் சொல்லப்படும் பழங்கதையிலிருந்தா, அல்லது அதில் அவன் தோண்டிய கிணற்றிலிருந்தா? காங்கேசன்துறைக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் மயிலிட்டிக்குப் போய்வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அந்தக் கரை முழுவதும் ஐதீகத்தில் தோய்ந்தது. குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கடல் கடந்து வந்து, கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடிக் குணமடைந்தாள் என்பார்கள். மா என்றால் குதிரை. அந்த முகம் விட்டுப்போன ஊர் மாவிட்டபுரம். அங்கே அவள் எழுப்பிய கோயிலுக்காகக் காங்கேயனின் திருவுருவம் வந்திறங்கிய துறையே காங்கேசன்துறை. கீரி முகம் நீங்கிய நகுல முனிவரின் பெயரால் நகுலேஸ்வரம். இவற்றிலிருந்து சில மைல் தொலைவுக்குள்தான் மயிலிட்டி இருக்கிறது. வடக்கின் பேர்பெற்ற மீன்பிடித் துறைகளில் அதுவும் ஒன்று.

1990 ஜூனில் மூண்ட போரில் மயிலிட்டி மக்கள் ஒருவர் மிச்சமில்லாமல் வெளியேறினார்கள். ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. துறைமுகத்தோடு சேர்ந்த 54 ஏக்கர் நிலம் 2017 ஜூலை 3இல்தான் விடுவிக்கப்பட்டது. இடையில் 27 வருடங்கள். நான் போனபோது துறைமுகத்தில் வேலை நடந்திருந்தது, வள்ளங்கள் நின்றன. உள்ளே சற்று நடந்தால் கூரையற்ற சுவர்கள், பற்றை மூடிய கிணறுகள். ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் ஆலமரமொன்று வேர்விட்டிருந்தது.

2009இல் போர் ஓய்ந்த பிறகு, கீரிமலைக்கும் மாவிட்டபுரத்துக்கும் பக்தர்கள் போய்வரும் வழி, மயிலிட்டியார் தம் வீட்டுக்குப் போகும் வழிக்கு முன்பே திறந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வழிபாட்டைத் தடுப்பது கொடுமைதான். ஆனால் ஐதீகமுள்ள இடத்துக்கு உலகம் முதலில் செவிசாய்க்கிறது. கூரை வேய்ந்து, வலை பொத்தி, பிள்ளை பெற்று வாழ்ந்த வளவுக்கு எந்த இளவரசியும் சாட்சி சொல்வதில்லை.

பழங்கதையால் கிடைக்கும் உரிமை எல்லோருக்கும் கிடைப்பதுமில்லை. அதே மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழைவதற்காக 1968இல் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் போராட வேண்டியிருந்தது. கடல் கடந்து வந்த அந்நியப் பெண்ணை வரவேற்ற கதையின் வாசலில், உள்ளூர் மனிதன் நிறுத்தப்பட்டான். கதையின் மீது கட்டப்படும் உரிமையில், கதையைத் தம் வசம் வைத்திருப்போரே காவலாளிகள்.

என்னோடு வந்த நண்பரின் பூர்வீகம் யாழ்ப்பாணம் சோனகத் தெரு. இடிந்த சுவர்களைப் பார்த்தபடி, "இவங்கட ஊரும் எங்கட ஊரும் ஒரே வருசம் போனது" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ் நகர முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பேசும்போது நம்மில் சிலர் மெதுவாக ஒன்றைச் சொல்வதுண்டு: அது நமக்குச் செய்ததற்குக் கிடைத்த கூலி என்று. நாட்காட்டியே அதை மறுக்கிறது. மயிலிட்டி வெறிச்சோடியது ஜூனில். நம்மவர்கள் விரட்டப்பட்டது ஒக்டோபரில். நம்மவர்களுக்கு ஆணை பிறந்தபோது மயிலிட்டி மீனவரும் அகதிதான். தேதி எப்படி இருந்தாலும், ஆயுதம் ஏந்தியவர்களின் குற்றத்தை வலை பொத்தியவனின் கணக்கில் எழுத யாருக்கும் உரிமையில்லை. தபூக் பயணத்தின்போது, ஸமூது கூட்டத்தாரின் பாழடைந்த வசிப்பிடங்களுக்குள் அழுதபடியல்லாமல் நுழைய வேண்டாம் என்று நபியவர்கள் (ஸல்) தோழர்களிடம் சொன்னதாக ஹதீஸில் வருகிறது. ஸமூதுக்கு வந்தது தண்டனை என்பதை வஹீ அறிவித்தது. மயிலிட்டியைப் பற்றி நமக்கு எந்த வஹீயும் வரவில்லை. அங்கே நமக்கு மிஞ்சுவது அழுகை மட்டுமே.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மக்கா வெற்றியின்போது எங்கே தங்கப்போகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, அகீல் நமக்கு வீடு எதையும் விட்டுவைத்தாரா என்று நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கைமாறிப்போன வீட்டை அவர்கள் பிடுங்கவில்லை; கூடாரத்தில் தங்கினார்கள். இதைக் காட்டி, "நீங்களும் விட்டுக்கொடுங்கள்" என்று அகதிகளுக்குப் புத்தி சொல்வோர் இருக்கிறார்கள். விட்டுக்கொடுப்பது உரிமையுடையவரின் பெருந்தன்மை. உரிமையைப் பறித்தவரோ, பக்கத்தில் நின்று பார்த்தவரோ அதைக் கேட்டால், அது இரண்டாவது அநீதி. மயிலிட்டியாருக்கும் இது பொருந்தும், சோனகத் தெருவாருக்கும் பொருந்தும்.

ஆகவே என் பதில் கிணற்றின் பக்கம்தான். ஐதீகங்களை நான் இகழவில்லை. அவை ஒரு கரையின் கனவுகள். ஆனால் எவ்வளவு பழைய கதை உன்னிடம் இருக்கிறது என்று கேட்டுத்தான் ஊருக்குள் விடுவோமென்றால், கதை குறைந்தவர்கள் என்றென்றைக்கும் வெளியேதான் நிற்க வேண்டும். இங்கே தண்ணீர் இறைத்தாயா, மையித்தை இந்த மண்ணில் அடக்கினாயா என்று கேட்டால், மயிலிட்டியாரும் நம்மவர்களும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். நம் வளவுக்காகப் பேசும் நாவு அவர்கள் வளவுக்காகவும் பேச வேண்டும். இல்லையென்றால் நாம் கேட்பது நீதி ஆகாது. நம் பங்கு மட்டும்தான்.