முதுமையில் ஒரு நெடும்பயணம்

அறுபது வயதைக் கடந்த ஒருவர், மோட்டார் சைக்கிளில் தன்னந்தனியாகப் பல ஆயிரம் கிலோமீட்டர் சென்றுவரப் போவதாக வீட்டில் தெரிவித்தால் இருவிதக் குரல்கள் எழுகின்றன. 'இந்த வயதில் இது தேவையா?' என்பது ஒன்று. 'இத்தனை காலம் பிறருக்காக உழைத்தவர். இனியாவது தம் விருப்பப்படி இருக்கட்டுமே' என்பது மற்றொன்று. முதற்குரலில் அன்பும் அச்சமும் கலந்துள்ளன. இரண்டாவதில் நியாய உணர்வு இருக்கிறது. இரண்டிலும் உண்மை இருப்பதால், எது தர்மம் என்பது ஆராயத்தக்கது.

பிரிட்டிஷ் பத்திரிகையாளர் டெட் சைமன் 1973-இல் டிரையம்ப் மோட்டார் சைக்கிளில் லண்டனிலிருந்து தனியாகப் புறப்பட்டார். நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றினார். இந்தியாவும் அவர் வழியில் இருந்தது. அவ்வனுபவங்களைக் கூறும் அவரது நூல் 1979-இல் வெளிவந்தது. 2001-இல், எழுபதை நெருங்கிய வயதில், தாம் முன்பு சென்ற வழியைத் தேடி மீண்டும் புறப்பட்டார். இடையில் கால் முறிந்தது. குணமடைந்தபின் பயணத்தைத் தொடர்ந்தார்.

இதைக் கேட்டதும் துணிவைப் பாராட்டத் தோன்றும். ஆனால் துணிவு மட்டுமே ஒரு செயலை உயர்ந்ததாக்கிவிடாது. அச்செயலின் நோக்கத்தையும், அதனால் பிறருக்கு விளைவதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

முதலாவது, நோக்கம். இல்லறக் கடமைகளை நிறைவேற்றியவன் வீட்டுப் பிடிப்பைத் தளர்த்திக்கொள்ளும் நிலையை நம் முன்னோர் வானப்பிரஸ்தம் என்றனர். கடமையை முடித்து விலகுவது வேறு, கடமைக்கு அஞ்சி ஓடுவது வேறு. வீட்டில் தீராத மனத்தாங்கலை விட்டுப் புறப்படுபவரின் பின்னிருக்கையில் அந்த மனத்தாங்கலும் ஏறிக்கொள்ளும். எத்தனை மலைகளைக் கடந்தாலும் அது இறங்காது. இளமை கழிந்துவிடவில்லை என்று பிறருக்குக் காட்டுவதற்காகப் புறப்படுவதும் இத்தகையதே.

இரண்டாவது, உடலைப் பற்றிய உண்மை. வயது ஏற ஏற இரவுப் பார்வை மங்குகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்தும் வேகம் குறைகிறது. நம் நாட்டுச் சட்டம் முதியவர் வாகனம் ஓட்டுவதைத் தடை செய்யவில்லை. ஆனால் ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவருக்கு ஓட்டுநர் உரிமத்தை ஐந்தாண்டுகளுக்கே வழங்குகிறது. 'உன் தகுதியை அவ்வப்போது சோதித்துக்கொள்' என்பதே இதன் பொருள். 'என் உயிர், என் விருப்பம்' என்ற வாதம் சாலையில் செல்லாது. எதிரில் வருபவருக்கும் உயிர் இருக்கிறது. விபத்து நேர்ந்தால் படுக்கையருகே கண்விழிக்கப் போவது வேறொருவர். கட உபநிடதம் உடலைத் தேருக்கும் புத்தியைத் தேரோட்டிக்கும் ஒப்பிடுகிறது. தேரின் நிலையை அறியாத தேரோட்டி நல்ல தேரோட்டி ஆகமாட்டான். இருட்டுமுன் வண்டியை நிறுத்துவதும், களைத்த நாளில் ஓய்வெடுப்பதும், இயலாதபோது பாதி வழியில் திரும்புவதும் கோழைத்தனம் அல்ல. அவை புத்தியின் செயல்கள்.

மூன்றாவது, பெரும்பாலோர் எண்ணிப் பார்க்காதது. நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவிக்கும் நிறைவேறாத விருப்பங்கள் இருக்கும். 'உழைத்தது போதும்' என்று கணவர் கூறும்போது, அடுப்படியில் அவர் உழைத்ததும் அந்தக் கணக்கில் வர வேண்டும். தமக்கு வேண்டும் சுதந்திரத்தைத் துணைக்கும் வழங்காதவர் பெறுவது சுதந்திரம் அல்ல, சலுகை. புறப்படுமுன் கேட்க வேண்டியது அனுமதியன்று. 'உனக்கு என்ன வேண்டும்?' என்ற கேள்வி. அக்கேள்விக்குக் கிடைக்கும் விடை, பயணத்தைச் சில மாதங்கள் தள்ளிவைக்கலாம். அதையும் ஏற்கத்தான் வேண்டும்.

இம்மூன்றிலும் தெளிவு பெற்றவர் தயங்க வேண்டியதில்லை. தனிவழி பலவற்றைக் கற்றுத்தரும். அலுவலகத்தில் வகித்த பதவி நெடுஞ்சாலையில் எவருக்கும் தெரியாது. டயர் பஞ்சரானால் முன்பின் அறியாத ஒரு கடைக்காரரின் கைகளையே நம்ப வேண்டும். பிறர் தம்மை நம்பியே வாழ்கிறார்கள் என்று எண்ணியிருந்தவர், பிறரை நம்பியே தாமும் வாழ்வதைக் காண்கிறார். தேவைகள் இரண்டு பைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. பேச்சுத் துணையற்ற நீண்ட நேரங்களில் மனம் தன்னைத் தானே பார்க்கத் தொடங்குகிறது.

இவற்றைப் பெற்றாரா என்பதை அவர் கடந்த தூரம் காட்டாது. வீடு திரும்பியபின் அவர் பேச்சில் பணிவும், தேவைகளில் சுருக்கமும், உடனிருப்போரிடம் கனிவும் கூடியிருந்தால், அந்தப் பயணம் பயனுள்ளதே.