பந்தலில் யார் பெயர்?

போன தைப்பூசத்திற்குப் பத்துமலையில் எங்கள் கிளை தண்ணீர்ப் பந்தல் போட்டது. நன்கொடை திரட்டியது, கூடாரம் பிடித்தது எல்லாம் நான்தான். பேனர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, 272 படி ஏறி இறங்கிய களைப்போடு ஒரு பாட்டி வந்தார். "தம்பி, தண்ணி இருக்காய்யா?"

"ஒரு நிமிஷம் பாட்டி" என்றேன். படம் முடிந்து திரும்பினால் பாட்டி இல்லை. என் நண்பன்தான் குவளையோடு கூட்டத்துக்குள் ஓடினான்.

மாலை நன்றியுரையில் அவன் பெயரைச் சொன்னார்கள். என் பெயர் விட்டுப்போனது. அன்றிரவு தூக்கமே வரவில்லை. "என்னடா, கோவமா?" என்று அவன் கேட்டபோது "ஒன்னுமில்ல" என்றேன். ஒரு மாதம் அவனிடம் சரியாகப் பேசவில்லை.

மனசுல என்ன இருந்தா என்ன, தாகம் தீர்ந்தா சரிதானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பாட்டிக்கு நான் தண்ணீர் கொடுக்கவில்லையே! என் கண் பேனர் மேல் இருந்தது.

2008இல் குரோக்கர், கானவெல்லோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். தன்னைப் பற்றி நல்ல பிம்பம் உண்டாக்குவதையே நோக்கமாகக் கொண்டவர்களிடம் தனிமையும் சச்சரவும் குழப்பமும் அதிகம். மற்றவர் நலனை நோக்கமாகக் கொண்டவர்களிடம் நெருக்கமும் நம்பிக்கையும் வளர்ந்தன.

நம் பெரியபுராணத்தில் அப்பூதியடிகள் திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். தன் பெயரை வைக்கவில்லை. நேரில் பார்த்தேயிராத திருநாவுக்கரசர் பெயரை வைத்தார். உன் பெயரை ஏன் வைக்கவில்லை என்று கேட்ட அடியவர்மேல் கோபப்பட்டார். கேட்டவரே நாவுக்கரசர் என்று தெரிந்ததும் அவர் காலில் விழுந்தார். பெயரை விட்டுக்கொடுத்தவருக்கு ஓர் உறவு கிடைத்தது. பெயரைப் பிடித்துக்கொண்ட நான் இருந்த நண்பனையும் இழக்கப் பார்த்தேன்.

பாராட்டு வந்தால் சந்தோஷப்படுவதில் தப்பில்லை. அதற்காகவே காத்திருந்தால் எதிரில் நிற்பவர் கண்ணில் படமாட்டார்.

பிறகு நண்பனிடம் உண்மையைச் சொன்னேன். "இதுக்கா இவ்ளோ நாளு?" என்று சிரித்தான்.

இந்த முறை குவளை கழுவும் வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதையும் நாலு பேர் பார்க்கணும்னு மனசு சொல்லுது. சொல்லட்டும். அடுத்து வருபவருக்குக் குவளை சுத்தமாக இருக்கணும்.