எறிந்த கல்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. போடிமெட்டைக் கடந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெற்றோர் அந்தி சாயும் வேளையிலேதான் இல்லம் திரும்புவர். பள்ளி விட்டபின் அவர்தம் மகனுக்குத் துணை தெருவும் அத்தெருவின் 'அண்ணன்'மாரும்தான்.

தொடக்கத்தில் அதற்குப் போதை என்ற பெயரே இல்லை. உதட்டினுள் அடக்கும் சிறு புகையிலைப் பை, மறுத்தால் கோழை என்பார்களே என்ற கூச்சம், அவ்வளவே! பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கலாகாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். குட்காவைத் தமிழக அரசு 2013-இல் தடைசெய்தது. ஆயினும் மாணவரிடையே 'கூல் லிப்' பரவியிருப்பது குறித்து 2024-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கவலை தெரிவிக்க வேண்டியிருந்தது.

நியூயார்க் மாநில மாணவரை ஆராய்ந்த டெனிஸ் காண்டல் என்னும் அறிஞர், இப்பழக்கம் படிப்படியாக ஏறுவதை 1975-இல் எடுத்துக்காட்டினார். முதலில் பீர், ஒயின், அடுத்துச் சிகரெட் அல்லது கடும் மது, பின்னர் கஞ்சா, அதன்பின் பிற போதைகள். முதற்படியில் நின்றோர் அனைவரும் மேலே ஏறிவிடவில்லை என்பதையும் மறத்தலாகாது. நம் பகுதியில் படிகளின் வரிசை சற்றே வேறுபடலாம். வலிநிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் கொடுமையையும் தமிழகம் கண்டுவிட்டது.

அவ்வாறாயின் குற்றம் யாருடையது? எறிந்த கல்லைத் திரும்பப் பெற இயலாது. ஆயினும் எறிவதும் எறியாமையும் எறிந்தவன் கையில் இருந்தன என்று அரிஸ்டாட்டில் வாதிட்டார். வளர்ந்தவர்க்கு இவ்வாதம் பொருந்தும். பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கோ, பின்விளைவைச் சீர்தூக்கும் மூளைப்பகுதி முதிர்வதற்கு இருபத்தைந்து வயதளவும் ஆகிறது. அக்கல்லை அவன் கையில் வைத்தவர் யாரென்றும் நாம் கேட்கவேண்டும். குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம்.

அதற்காக அவனுக்குப் பொறுப்பே இல்லை என்றுரைப்பதும் இரக்கமாகாது. இன்று மறுக்க அவனுக்கு உரிமையே இருந்ததில்லை என்றால், நாளை எந்த உரிமையைக் கொண்டு அவன் மீண்டெழுவான்? அவனிடம் எஞ்சியிருக்கும் அச்சிறு சுதந்திரத்தை நாம் பறித்துவிடலாகாது.

பிள்ளையின் சட்டைப்பையில் கஞ்சாப் பொட்டலத்தைக் கண்ட தந்தை, வழக்கு வருமென அஞ்சி அதை மூடிமறைக்கிறார். மாதங்கள் கழிகின்றன, படிகளும் ஏறுகின்றன. சிறிய அளவு வைத்திருந்த அடிமைப்பட்டவர், அரசு ஏற்ற மருத்துவமனையில் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்களிக்கும் 64-ஏ என்ற பிரிவு 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது. விடியுமுன் ஜீப்பேறும் அத்தந்தையிடம் இதனை எவரும் சொன்னதில்லை.