எல்லா வயதுக்கும் ஒரு தெரு

பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பேச்சுத்துணையை எந்தத் தீர்ப்பாயமும் வாங்கித் தராது. அது தெருவில்தான் கிடைக்கும். அப்படியானால், தெருவை அமைப்பவர்களுக்கும் அந்தக் கடமையில் பங்கு உண்டல்லவா?

ஸ்ரீவில்லிபுத்தூரின் பழைய வீடுகளில் திண்ணை தெருவை ஒட்டியே இருக்கும். அதில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்ணில் படாமல் எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போய்வர முடியாது. ராஜபாளையத்தில் பழையபாளையம், சிங்கராஜாகோட்டை போன்ற பகுதிகளில் பெரியவர்கள் கூடச் சாவடிகள் இருந்தன. இன்று ஊருக்கு வெளியே பிளாட் போட்டு விற்கிறார்கள். விதிப்படி வீட்டுக்கு முன்னால் இடம் விட்டாக வேண்டும். திண்ணை இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவரும் கேட்டும் நிற்கின்றன. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்க, உள்ளே வயதானவர்கள் ஒருவரோ இருவரோ.

பழைய தெருவே போதும் என்று சொல்லிவிடுவது நேர்மையாகாது. அங்கே எல்லா வயதினரும் இருந்தார்கள். எல்லாச் சாதியினரும் இருக்கவில்லை. பிறருக்கு இடம் தராமல் கிடைத்த நெருக்கம் அது. முதியவர்களைப் பார்த்துக்கொண்டவள் பெரும்பாலும் மருமகள். அவளுடைய சம்மதத்தை யாரும் கேட்டதில்லை.

எல்லாச் சாதியினரும் ஒரே தெருவில் வாழ அரசு அமைத்த குடியிருப்பு சமத்துவபுரம்; 1998-இல் திருமங்கலம் பக்கத்தில் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 பட்டியல் சாதியினருக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் 25, 25, மற்றவர்களுக்கு 10. யாருக்குப் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதை அரசு மனம் வைத்தால் திட்டமிட முடியும் என்று அது காட்டியது. அந்தக் கணக்கில் வயது மட்டும் சேரவில்லை.

யாரோடு வாழ்வது என்பது அவரவர் விருப்பம், அதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால், படியேறாமல் நுழையக்கூடிய சிறிய வாடகை வீடே ஒரு நகரில் இல்லையென்றால், அங்கே முதியவருக்கு விருப்பம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? அப்படிச் சில வீடுகளை அங்கன்வாடிக்குப் பக்கத்தில் கட்டலாம். பெரிய மனைப்பிரிவுகளில் பொது இடத்துக்கு விடும் 10 விழுக்காட்டை மூலையில் தள்ளாமல் நடுவில் வைக்கலாம். மில்லில் ஷிப்ட் பார்க்கும் தாய்க்கு மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். நாலு வீடு தள்ளி, பொழுது போகாமல் ஒருவர் இருக்கிறார். அப்படிப் பார்த்துக்கொள்பவருக்கும், படுத்துவிட்ட முதியவரைக் கவனிப்பவருக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் புதிய தெருவின் பாரமும் அதே மருமகள் தலையில்தான் விழும்.