சுவரில் இருக்கும் மூலம்

படக்கதையைத் திரைப்படமாக்கும்போது எழும் சிக்கல் நாவலைப் படமாக்குவதில் இல்லை. நாவலில் நாயகனின் முகம் வாசகர் மனதில்தான் இருக்கும். படக்கதையில் அது ஏற்கெனவே வரையப்பட்டிருக்கும். அவன் போடும் சட்டை, நிற்கும் நிலை, அடி விழும் கோணம் எல்லாம் தாளில் முடிவானவை. ஃபிராங்க் மில்லரின் ‘சின் சிட்டி’ 2005இல் படமானபோது, வரைந்த கட்டங்களையே படமாக்கும் காட்சிகளாக வைத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் மூலத்துக்குக் கட்டுப்பட வழியில்லை. ஆனால் மூலம் படமாக இருப்பதால் வரும் இந்தக் கெடுபிடி படக்கதைக்கு மட்டும் உரியதன்று. சமயக் கதைகளை மேடையேற்றியவர்கள் இதற்குப் பல நூற்றாண்டு முன்பே இதில் மாட்டியிருக்கிறார்கள், பின்னர் திரையில் எடுத்தவர்களும் தப்பவில்லை. அங்கே இரண்டு மூலங்கள் உண்டு: ஒன்று மறைநூல், மற்றொன்று பக்தர்கள் தினமும் கும்பிடும் படம். இரண்டும் ஒத்துப்போகாதபோது எதற்குக் கட்டுப்படுவது என்பதே கேள்வி.

மறைநூலில் இல்லாத படம் எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு ஆலந்தலையைப் பார்க்கலாம். திருச்செந்தூருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூர், முத்துக்குளித்துறைக் கடற்கரையின் பரதவர் ஊர்களில் ஒன்று. 1530களில் பரதவர் கத்தோலிக்கம் தழுவியதும், 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்ததும் இக்கரையின் பொது வரலாறு. இங்குள்ள திருத்தலம் திரு இருதயங்களின் பெயரில் அமைந்தது. முள்முடி சூடி, காயம்பட்டு, தீக்கொழுந்து எரியும் இயேசுவின் இருதயம் நற்செய்தி எதிலும் வருவதில்லை. யோவான் நற்செய்தியில் ஈட்டியால் குத்தப்படும் விலா உண்டு, அவ்வளவுதான். இருதய வடிவத்தின் ஊற்று, 1673 முதல் 1675 வரை பிரான்சின் பாரே-லெ-மோனியால் மடத்தில் மார்கரீத்து மரியாள் கண்ட காட்சிகள். வீடுதோறும் மாட்டப்படும் படத்தின் முன்மாதிரி 1767இல் பொம்பெயோ பத்தோனி ரோமில் வரைந்த ஓவியம். கடலுக்குப் போகுமுன் மீனவர் கும்பிட்டுச் செல்லும் முகம் இப்படி வந்து சேர்ந்தது.

திருப்பாடுகளின் கதைக்கும் இதே நிலைதான். கத்தோலிக்கக் கோயில்களின் இரு பக்கச் சுவர்களிலும் பதினான்கு சிலுவைப்பாதைப் படங்கள் வரிசையாக இருக்கும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவையும் இரு மெழுகுதிரிகளும் ஏந்திய பீடச்சிறுவர்கள் முன்னே போவார்கள். ஒவ்வொரு ஸ்தலத்திலும் எண் சொல்லி, முழந்தாளிட்டு, தியானம் வாசித்து, பாட்டுப் பாடி அடுத்ததற்கு நகர்வார்கள். கூட்டம் இருந்த இடத்திலேயே படத்தின் பக்கம் திரும்பும். எண்ணிட்ட கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு நிகழ்ச்சி, இரு கட்டங்களுக்கு நடுவே நடந்ததை வாசிப்பவரே நிரப்பிக்கொள்ளும் இடைவெளி: இதைப் படக்கதை என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. எழுத்தறியாத தலைமுறைகள் கதையைக் கற்றது இதில்தான்.

அந்தப் பதினான்கில் ஐந்து, நற்செய்தி நான்கில் எதிலும் இல்லை. மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் ஸ்தலங்களில் இயேசு விழுகிறார். விழுந்ததாக எந்த நற்செய்தியாளரும் எழுதவில்லை. நான்காம் ஸ்தலத்தில் வழியில் தாயைச் சந்திக்கிறார். யோவான் தாயைச் சிலுவையடியில் நிறுத்துகிறார், வழியில் அன்று. ஆறாம் ஸ்தலத்தில் வெரோனிக்கா முகத்தைத் துடைக்கிறார், துணியில் முகம் பதிகிறது. சுவர்ப்படத்தில் அந்தப் பெண் துணியை நம்மை நோக்கி விரித்துக் காட்டுகிறார். ஒரு படத்துக்குள் இன்னொரு படம். பக்தர்கள் அதிகம் உருகும் ஸ்தலங்களில் ஒன்று அது. எருசலேமில் திருப்பயணிகள் நடந்து வழிபட்ட வழக்கமும், பிரான்சிஸ்கன் துறவியர் அதை ஐரோப்பாவில் பரப்பியதும், இடைக்காலப் பக்தி நூல்களும் சேர்ந்து உருவாக்கிய வரிசை இது. எண்ணிக்கை முன்பு ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1731இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெந்து பதினான்கு என்று நிலைப்படுத்தினார். 1991 பெரிய வெள்ளியன்று இரண்டாம் யோவான் பவுல் ரோமின் கொலோசியத்தில் நற்செய்தியில் உள்ள நிகழ்ச்சிகளை மட்டும் கொண்டு வேறொரு வரிசையை நடத்தினார். அது கெத்சமனியில் தொடங்குகிறது. பேதுரு மறுதலித்தது உண்டு, நல்ல கள்வன் உண்டு, வெரோனிக்கா இல்லை. பழைய வரிசையை யாரும் விலக்கவில்லை.

மறைநூலுக்கே திரும்பினால் போதும் என்பவர்களுக்கும் வழி நேராக இல்லை. நற்செய்திகள் நான்கு. சிரேனே ஊர்ச் சீமோன் சிலுவையைச் சுமந்ததாக மூவர் சொல்கிறார்கள். யோவானில் இயேசு தாமே சுமந்துகொண்டு போகிறார். பெரிய வெள்ளியில் தியானிக்கப்படும் ஏழு திருவாக்கியங்களில் மூன்று லூக்காவில், மூன்று யோவானில், ஒன்று மத்தேயுவிலும் மாற்குவிலும் உள்ளன. ஏழையும் ஒரே காட்சியில் பேசவைக்கும் படம் நால்வரில் எவரும் எழுதாத மரணத்தைக் காட்டுகிறது. இந்தக் கலவையை முதலில் முறையாகச் செய்தவர்களில் ஒருவர் இரண்டாம் நூற்றாண்டின் தத்தியான். நான்கையும் ஒரே கதையாகப் பின்னிய அவர் நூலைச் சிரியத் திருச்சபைகள் நெடுங்காலம் வழிபாட்டிலேயே வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் தியொதொரெத்து தம் மறைமாவட்டத்தில் அதன் பிரதிகள் இருநூறுக்கு மேல் திரட்டி அகற்றி, நான்கையும் தனித்தனியே வைத்தார். நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னதை அப்படியே விட்டுவைத்தது சபையின் கனமான முடிவுகளில் ஒன்று. திரைக்கதை எழுதுபவர் உட்காரும் முதல் நாளே அதைக் கலைத்துவிடுகிறார். ஒரு படத்துக்கு ஒரு கதைதான் முடியும்.

இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964இல் எடுத்த படம் இதற்கு ஒரு விதிவிலக்கு. மத்தேயுவை மட்டும் எடுத்துக்கொண்டு, உரையாடலை அதிலிருந்தே அமைத்தார். நடிப்புத் தொழில் அறியாதவர்களை நடிக்கவைத்தார். வயதான மரியாளாக அவருடைய சொந்தத் தாயே நடித்தார். கடவுள் நம்பிக்கையற்ற மார்க்சியர் ஒருவர், பக்திப்படம் எடுத்த பலரையும்விட எழுத்துக்கு நெருங்கி நின்றார் என்பது யோசிக்கத்தக்கது. அவருக்குக் காப்பாற்றவேண்டிய கும்பிடுபடம் எதுவும் இல்லை. ஆனாலும் பரிசேயரின் உயர்ந்த தொப்பிகளுக்கு அவர் போனது பியெரோ தெல்லா பிரான்செஸ்காவின் ஓவியங்களிடம். மத்தேயு தொப்பியைப் பற்றி எழுதவில்லை, யாருக்கேனும் ஏதாவது உடுத்தியாக வேண்டுமே. பாடுகளைப் பற்றிய மெல் கிப்சனின் 2004ஆம் ஆண்டுப் படம் இதன் மறுபக்கம். பேச்சு அரமேயத்திலும் எபிரேயத்திலும் இலத்தீனிலும் இருந்ததால் பார்த்தவர்கள் பலர் இதுவே உண்மை நகல் என்று நம்பினார்கள். படத்தின் எத்தனையோ காட்சிகள் அன்னா கத்தரீனா எம்மெரிக் என்ற ஜெர்மானியத் துறவியின் காட்சிகளாகக் கவிஞர் பிரெந்தானோ 1833இல் வெளியிட்ட நூலிலிருந்தும், பழைய சிலுவைப்பாதையிலிருந்தும் வந்தவை. மொழி முதல் நூற்றாண்டுடையது. கதை பதினான்கு கட்டங்களுடையது.

‘பாசமலர்’ இயக்கிய பீம்சிங்கின் ‘கருணாமயுடு’ (1978) தெலுங்கில் உருவாகித் தமிழிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டு, ஊர் ஊராகத் திரை கட்டிக் காட்டப்பட்டது. அதில் விஜயசந்தர் ஏற்ற இயேசு, வீட்டுப் படத்தில் இருந்து இறங்கி வந்தவர் போலவே இருந்தார். நீள முடி, நடுவகிடு, வெண்ணாடை. கலிலேயாத் தச்சர் ஒருவர் இப்படி இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. கறுத்த, குட்டை முடி கொண்ட ஒருவரை அந்த வேடத்தில் நிறுத்தியிருந்தால் வரலாற்றுக்கு நெருக்கம். கூட்டமோ அவரை அடையாளம் கண்டிருக்காது. இயேசுவை ஏற்பவர் படம்போல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாகத் தோன்றும். எழுத்தில் உள்ள எத்தனை வசனங்களை விட்டாலும் யாரும் கேட்பதில்லை.

இப்படிப் படத்துக்குக் கட்டுப்படுவது கத்தோலிக்கரின் தனிப் பழக்கமன்று. ஆலந்தலை இருக்கும் அதே மாவட்டத்தின் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜு (1898–1976) வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டர்களில் நாடெங்கும் பரவினார்கள். முத்து காமிக்ஸ் 1972இலும் லயன் காமிக்ஸ் 1984இலும் புறப்பட்டதும் அதே சிவகாசியிலிருந்துதான். ‘கந்தன் கருணை’ (1967) போன்ற படங்களில் தெய்வங்கள் எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பார்வையாளர் புராணத்தைப் படித்து முடிவுசெய்யவில்லை. சுவரில் பார்த்து முடிவுசெய்தார்கள். ஆலந்தலைக்குப் பக்கத்திலேயே, திருச்செந்தூர்க் கடற்கரையில் சஷ்டியன்று நடக்கும் சூரசம்ஹாரத்தை எடுத்துக்கொள்ளலாம். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில், ஆனைமுகத் தாரகன் கிரவுஞ்ச மலையருகே மாண்டபின்தான் முருகனின் படை திருச்செந்தூர் வந்து சேர்கிறது. கடற்கரையிலோ அவனும் மணலில் வந்து சாகிறான். ஒரே உருவத்துக்கு யானைத்தலை, சிங்கத்தலை, சூரன் தலை என்று மாற்றி மாற்றிப் பொருத்த, உற்பத்தி காண்டமும் யுத்த காண்டமும் ஒரு மாலைக்குள் முடிந்துவிடுகின்றன. புராணம் வாசித்தவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். ஒருவரும் ஆட்சேபிப்பதில்லை, ஆட்சேபிக்கவும் வேண்டியதில்லை: வேல் யாருடையது, விழுந்தவன் யார், மாமரம் பிளந்து என்ன ஆனது என்பவை மாறவில்லை.

தேரிக்காட்டைக் கடந்து உள்ளே போனால் நாசரேத்து, மெஞ்ஞானபுரம், முதலூர் என்று சீர்திருத்த சபை ஊர்கள். அங்கே ஆலயச் சுவரில் பதினான்கு படங்கள் இல்லை. வேதவாக்கு ஒன்று எழுதப்பட்டிருக்கும். வேதம் மட்டுமே ஆதாரம் என்பது அவர்களின் அடிப்படைக் கொள்கை. ஆனால் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அங்கும் மூன்று ராஜாக்கள்தான் வருகிறார்கள். மத்தேயு அவர்களை ராஜாக்கள் என்று எழுதவில்லை, எத்தனை பேர் என்றும் எழுதவில்லை, காணிக்கைதான் மூன்று. மாட்டையும் கழுதையையும் லூக்கா தொழுவத்தில் கட்டவில்லை. படத்தை வாசலில் நிறுத்தினாலும் அது ஜன்னல் வழியாக வந்துவிடுகிறது, வாழ்த்து அட்டையாகவாவது.

திருச்சபைக் கோட்பாடு இதை அறிந்தே அமைந்தது. 787ஆம் ஆண்டின் இரண்டாம் நீசேயா சங்கம், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் உருவம் குறிக்கும் ஆளைச் சேர்கிறது என்றது. அப்படியானால் உருவம் எழுத்தின் நகலாக இருக்கத் தேவையில்லை, ஆளைத் தவறாகக் காட்டாமல் இருந்தால் போதும். திரெந்து சங்கம் 1563இல் கயிற்றை இறுக்கியது: தவறான போதனை தரும் உருவம் கூடாது, வழக்கத்தில் இல்லாத உருவத்தை ஆயர் ஒப்புதலின்றி வைக்கக் கூடாது. பத்தாண்டுக்குள் வெனிசில் அதற்குச் சோதனை வந்தது. பாவ்லோ வெரொனேசே வரைந்த கடைசி இரா உணவில் கிளியேந்திய கோமாளி, மூக்கில் ரத்தம் வழியும் வேலைக்காரன், ஜெர்மானியப் போர்வீரர் என்று ஒரு பட்டாளமே இருந்தது. 1573 ஜூலையில் விசாரணை மன்றம் அவரை அழைத்துக் கேட்டது. கவிஞருக்கும் பித்தருக்கும் உள்ள உரிமை ஓவியருக்கும் உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். மூன்று மாதத்தில் திருத்தும்படி உத்தரவானது. அவர் பெயரைத்தான் மாற்றினார். ஓவியம் லேவி வீட்டு விருந்தாயிற்று. லேவி பாவிகளோடும் வரிவசூலிப்பவர்களோடும் விருந்துண்டவர், அந்தக் கூட்டம் அங்கே இருந்தால் குறையில்லை. மன்றம் கேட்டதும் நியாயமான கேள்விதான்: சேர்த்தது தவறா என்பதைவிட, சேர்த்தது எந்தக் காட்சியில் என்பதே முக்கியம்.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எழுத்து மௌனமாக இருக்கும் இடத்தில் சேர்ப்பதும், எழுத்து சொன்னதை மாற்றுவதும் ஒன்றல்ல. வெரோனிக்கா முதல் வகை: அவர் வந்ததால் இயேசு வேறொருவர் ஆகிவிடவில்லை. மகதலேனா மரியாளைப் பரத்தையாக்கியது இரண்டாம் வகைக்கு மிக அருகே நிற்கிறது. லூக்கா அவரை இயேசுவைப் பின்தொடர்ந்து உதவிய பெண்களில் ஒருவராகக் காட்டுகிறார். ஆறாம் நூற்றாண்டில் பெரிய கிரகோரியார் பெயரில்லாத பாவிப் பெண்ணோடு அவரை ஒன்றாக்கிப் பிரசங்கித்தார், மேடையும் திரையும் அதை எளிதில் கைவிடவில்லை. மறைநூலின் பிடி இல்லாத கதைகளில் இந்தக் கவலை எழுவதில்லை. கைகள் வெட்டுண்டு மாதாவின் அருளால் மீண்டும் பெறும் ‘ஞானசௌந்தரி’ நாடகமேடையில் பலகாலம் ஓடியது. 1948இல் ஜெமினியும் சிட்டாடலும் ஒரே ஆண்டில் அதைப் படமாக்க, சிட்டாடலின் படம் ஓடியது, ஜெமினியின் படம் எடுபடவில்லை. எது மூலத்துக்கு நெருக்கம் என்று யாரும் அளக்கவில்லை.

அளந்தே தீரவேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே எழுத்துக்குக் கட்டுப்படுவதே கெடுதலாகிறது. பவேரியாவின் ஒபராமர்காவ் ஊரார் கொள்ளைநோய்க்கு அஞ்சி 1633இல் நேர்ந்து, 1634 முதல் நடத்திவரும் பாடுகளின் நாடகம் யூதரை ஒட்டுமொத்தமாகக் குற்றவாளிகளாக்கியது. மத்தேயுவில் கூட்டம் பழியைத் தன்மேலும் பிள்ளைகள்மேலும் ஏற்கும் வசனம் அதன் உச்சம். அது எழுத்தில் உள்ளதுதான். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இயேசுவின் மரணத்தை அன்றைய யூதர் எல்லோர்மேலும், இன்றைய யூதர்மேலும் சுமத்தலாகாது என்று அறிவித்தபின் நாடகநூல் கட்டங்கட்டமாகத் திருத்தப்பட்டது. அமெரிக்க ஆயர் பேரவைக் குழு ஒன்று 1988இல் வெளியிட்ட நெறிமுறை, வேதத்தில் இருக்கிறது என்ற பதில் மட்டும் போதாது என்றே கூறுகிறது. நான்கு நூலிலிருந்து பொறுக்கி எடுப்பவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்பதற்குப் பொறுப்பாளி. கிப்சன் அந்த வசனத்தை அரமேயத்தில் ஒலிக்கவிட்டு, கீழே வரும் மொழிபெயர்ப்பை மட்டும் நீக்கினார்.

தமிழ்நாட்டில் பாஸ்கா என்ற பெயரில், சிவகங்கை மாவட்டத்து இடைக்காட்டூர் உட்படப் பல ஊர்களில், பாடுகளின் நாடகம் நடக்கிறது. யூதர் எவரும் வாழாத ஊர்களில் இந்தக் கேள்வி தொலைவானதாகத் தோன்றலாம். ஆனால் மேடையில் கூச்சலிடும் கூட்டத்துக்கு எந்த உடை, எந்தச் சாயல், யாருடைய பேச்சுவழக்கு தருவது என்பதை நாடகம் எழுதுபவர் இங்கும் தீர்மானித்தே ஆகவேண்டும். அதற்கான குறிப்பு சுவர்ப்படத்திலும் இல்லை, நற்செய்தியிலும் இல்லை.